ஈ எழுத்துக்கு மட்டும் விலக்கு

சாய்வெயில் நிலையம், நிலாத் தென்முனை
பதிவு எழுதுபவர்: அமலோற்பவம் பெர்னாந்து, கணினிப் பொறுப்பாளர்

பதிவு 1. நாள் 88, காலை 08:10

எடுத்த தண்ணீர் 412 லிட்டர். உள்வெப்பம் 21. காற்று சரி, மின்சாரம் சரி. இரண்டாவது கழிவறை மட்டும் சரியில்லை. அது நான் வந்த நாளிலிருந்தே சரியில்லை.

ஆட்கள் இரண்டு. பழைய குழு போன வாரம் கப்பலேறிவிட்டது. புதுக்குழு வர இன்னும் பதினோரு நாள். அதுவரை நானும் ஈஸ்வரியும்தான். ஈஸ்வரி பனி துளைக்கிறவள், சிவகாசிக்காரி. நேற்றிலிருந்து பதினான்கு கிலோமீட்டர் தள்ளிக் கீழ்க்குழியில் வேலை செய்கிறாள். அங்கே ஒரு சின்னத் தங்குகூடு இருக்கிறது. ஒற்றைக் கதவு, ஒரு கட்டில், ஒரு திரை. குழிக்குள் ரேடியோ எட்டாது. தரையில் போட்ட கம்பி வழியாக எழுத்து மட்டும் போகும், வரும்.

இந்தப் பதிவேட்டை முழுக்கப் படிப்பவர் பூமியில் ஒரே ஒருவர். இயக்குநர் வேதநாயகி அம்மா. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டோடு ஒரு முறை, நாலு மணிக்குக் காப்பியோடு ஒரு முறை, கையிலிருக்கும் டேப்லட்டில் திறந்து படிப்பார். தரைநிலையத்தில் பணியிலிருக்கும் ஜெபராஜ் படிக்கவே மாட்டார். "சுருக்கமா சொல்லுங்க மேடம்" என்பார். நான் செத்துப்போனேன் என்று எழுதினாலும் அந்த மனிதருக்குச் சுருக்கமாகத்தான் வேண்டும்.

பதிவு 2. நாள் 88, காலை 10:35

தண்ணீர் அழுத்தம் பார்க்கப் பலகையைத் திறந்தேன். பலகை என்று நாங்கள் சொல்வது ஓர் இணையப் பக்கம். காற்று, கதவு, தண்ணீர், விளக்கு எல்லாவற்றுக்கும் கட்டளை கொடுப்பது அதில்தான். நிலையத்திலும் தரைநிலையத்திலும் அதே பக்கம்தான் ஓடுகிறது.

அழுத்தம் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு விளம்பரம். "பதினைந்தே நாளில் பத்து கிலோ குறையுங்கள்!"

நிலாவில் என் எடையே பத்து கிலோதான். இதற்கு மேல் எங்கே போய்க் குறைப்பது?

ஜெபராஜிடம் கேட்டேன். "எங்க ஸ்கிரீன்லயும் வருது மேடம். என் வொய்ஃப்கிட்ட காட்டணும்னு போட்டோ எடுத்து வச்சிருக்கேன்" என்றார். சிரித்தோம். பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. விளம்பரம் எந்த வழியாக வந்ததோ, அந்த வழியாக வேறு எதுவும் வரலாம்.

பதிவு 3. நாள் 88, மதியம் 12:20

வழியைக் கண்டுபிடித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அந்த வழியை வெட்டியவளே நான்தான்.

பலகையின் மேல்விளிம்பில் 'சுவர்' என்று ஒரு பட்டை ஓடும். வீட்டார் பூமியிலிருந்து எழுதும் செய்திகள் அதில் வரும். நான் எழுதிய பிளகின் அது, பலகையோடு ஒட்டிக்கொள்ளும் துணைநிரல். வால்வைத் திருகிக்கொண்டிருக்கும்போது மகள் எழுதிய வரி கண்ணில் பட்டால் மனதுக்கு இதம் என்று, கட்டளைப் பலகையிலேயே அதை ஒட்டிவைத்தேன். எல்லாரும் பாராட்டினார்கள். கேக் கூட வெட்டினார்கள்.

ஈஸ்வரியின் கணவர் மாரிச்செல்வம் சிவகாசியில் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் தட்டச்சு செய்கிறவர். உலகமே புது எழுத்துமுறைக்கு மாறிய பிறகும் அவர் பழைய எழுத்துருவில்தான் அடிப்பார். கை அப்படிப் பழகிவிட்டதாம். அந்தப் பழைய எழுத்துரு ஆங்கில விசைகளின்மேல் தமிழ் எழுத்தை உட்காரவைத்தது. அதில் 'ஈ' எழுத்துக்குக் கிடைத்த இடம், கணக்குப் பாடத்தில் சிறியது என்று காட்டப் போடுவோமே, அந்தக் கூர்மூக்குக் குறி. இணையத்தில் அந்த மூக்குக்குறிக்கு வேறு வேலை உண்டு. அதைக் கண்டால் உலாவி "இனி வருவது எழுத்தல்ல, கட்டளை" என்று எடுத்துக்கொள்ளும்.

ஆகவே எந்த ஒழுங்கான பிளகினும் அதை முடக்கும். என்னுடையதும் முடக்கியது. வந்த விளைவு, மாரிச்செல்வம் ஆசையாக மனைவிக்கு எழுதும் செய்தியெல்லாம் 'ஸ்வரி கண்ணு' என்று தலையில்லாமல் வந்தது. ஈஸ்வரி என்னிடம் வந்து, "யக்கா, எம்பேருல ஈயக் காணோம். எங்க வீட்டுக்காரரு தெனமும் கேக்காரு, ஈய எவன் தின்னான்னு" என்றாள். பாவமாக இருந்தது. பழைய எழுத்துருவில் வரும் செய்திகளை மட்டும் தொடாமல் அப்படியே சேமி, அப்படியே காட்டு என்று ஒரு விலக்கு எழுதினேன். ஒரே ஒரு வரி. மறுநாள் அவள் பெயருக்கு ஈ வந்தது.

ஒரு செய்தி தன்னைப் பழைய எழுத்துரு என்று சொல்லிக்கொண்டால் என் பிளகின் நம்பிவிடும். இணையம் முழுக்க வீடு வீடாகக் கதவைத் தட்டித் திரியும் ஒரு தானியங்கி அதைக் கண்டுபிடித்திருக்கிறது. வீட்டார் எழுதும் பக்கத்தில் ஒரு செய்தியைப் போட்டிருக்கிறது, உள்ளே ஸ்கிரிப்ட், அதாவது தானாக ஓடும் கட்டளை வரிகள். அது சேமிப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. யார் பலகையைத் திறந்தாலும் அவர் திரையில், அவர் அதிகாரத்தில் ஓடும். எங்கள் தொழிலில் இதற்கு ஸ்டோர்ட் எக்ஸ்.எஸ்.எஸ். என்று பெயர். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரம் சொல்லித்தரும் பாடம். இருபது வருட சர்வீஸ் எனக்கு.

திருத்தம் எழுதிவிட்டேன். பழைய எழுத்துருவில் வருவதைச் சேமிக்கும் முன்பே புது எழுத்தாக மாற்றிவிட்டால் மூக்குக்குறி நிஜமான ஈ ஆகிவிடும், மாரிச்செல்வத்துக்கும் குறையிருக்காது. அதன் பிறகு எது வந்தாலும், திரையில் காட்டும்போது ஒவ்வொரு மூக்குக்குறியையும் வெறும் எழுத்தாகப் பொதிந்து காட்ட வேண்டும். யாருக்கும் விலக்கு கிடையாது. சுவரைக் கட்டளைப் பலகையிலிருந்து கழற்றவும் ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்தப் பதிவேட்டுப் பக்கத்தையும் அதே பிளகின்தான் காட்டுகிறது. அங்கும் அதே ஓட்டை, அதையும் அடைத்தேன்.

திருத்தம் வரிசையில் நிற்கிறது. தானியங்கிப் புதுப்பிப்பு நாளை மறுநாள் காலை ஆறு மணிக்கு. உடனே ஏற்ற வேண்டுமென்றால் அவசரப் படிவம், மூன்று கையெழுத்து. விளம்பரம்தானே, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதிவு 4. நாள் 88, பிற்பகல் 14:05

விளம்பரம் மட்டும் இல்லை. அந்த ஸ்கிரிப்ட் எங்கள் அதிகாரத்தில் புதிதாக ஓர் அட்மின் கணக்கை உண்டாக்கியிருக்கிறது. இப்போது பலகையைத் திறக்கும் ஒவ்வொரு பழைய அட்மினையும் 'பார்வையாளர்' என்று கீழே இறக்குகிறது. என்னை இறக்கிவிட்டது. ஜெபராஜை இறக்கிவிட்டது. தரைநிலையத்தில் இன்று பலகையைத் திறந்த ஏழு பேரும் பார்வையாளர்கள்.

பார்வையாளரால் பார்க்க முடியும், செய்தி எழுத முடியும், பதிவேட்டில் எழுத முடியும். வேறெதுவும் முடியாது. சுவரிலிருந்து அந்தச் செய்தியை அழிக்கக்கூட முடியாது. என் வீட்டில் என்னையே வாசலில் நிறுத்திவிட்டார்கள். யாரென்று பார்த்தால் ஆளே இல்லை, மெலியும் மாத்திரை விற்கும் இயந்திரம். அதற்கு நிலாவும் தெரியாது, மூச்சும் தெரியாது.

பதிவு 5. நாள் 88, மாலை 16:30

எழுதக் கை வரவில்லை. எழுதியாக வேண்டும்.

கீழ்க்குழித் தங்குகூட்டுக்கு ஓர் ஏற்பாடு உண்டு. தினமும் நாலு மணிக்குள் ஓர் அட்மின் பலகையில் 'சரி' அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் வெளியே சூரியப் புயல் என்று வைத்துக்கொண்டு கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், அட்மின் கட்டளை வரும்வரை திறக்காது. முன்பு கைப்பிடி இருந்தது. இரண்டு குழுக்களுக்கு முன்னால் ஒருவர் புயலைப் படம் எடுக்கக் கதவைத் திறந்தார், அதன் பிறகு கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள்.

இன்று நாலு மணிக்கு 'சரி' அழுத்த ஆளில்லை.

ஈஸ்வரியிடமிருந்து வந்தது: "யக்கா, கதவு பூட்டுன்னு காட்டுது. வெளிய புயலா? எனக்கு யாரும் சொல்லலியே."

நான்: "புயல் இல்லளா. கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறு. நான் பாத்துக்கிடுதேன்."

அவள்: "நாளைக்கு மூணு மணி வரைக்குந்தான் இங்க காத்து இருக்கும். தெரியும்ல?"

தெரியும். இரண்டு நாள் வேலைக்கென்று அளந்துவைத்த காற்று அது. அவள் உடையின் முதுகுப்பொதியில் பத்து நிமிடத்துக்குத்தான் மிச்சம், மற்றதைத் துளைக்கும்போது செலவழித்துவிட்டாள். நாளை பிற்பகல் மூன்று மணிக்குள் அந்தக் கதவு திறக்காவிட்டால் ஈஸ்வரி இல்லை.

பதிவு 6. நாள் 89, காலை 07:20

அட்மின் அதிகாரத்தோடு மிச்சமிருப்பவர் ஒருவர்தான், இயக்குநர் அம்மா. பல மாதமாகப் பலகைப் பக்கமே வராதவர் என்பதால் தப்பித்திருக்கிறார். நேற்று மாலையிலிருந்து விமானத்தில் இருக்கிறார், பன்னிரண்டரைக்குத்தான் இறங்குவார்.

ஜெபராஜ் பேசினார். "மேடம், அம்மா இறங்குனதும் பலகையத் திறந்து கதவுக்கு ஓப்பன் குடுக்கச் சொல்லிடறேன். முடிஞ்சு போச்சு. பதட்டப்படாதீங்க."

கத்திவிட்டேன். "பலகையத் திறந்தா அந்த நிமிசமே அவங்களையும் கீழ எறக்கிரும்! இருக்கது ஒரே ஒரு அட்மின். அவங்களையும் தொலைச்சிட்டு ஒக்காரவா? பலகைப் பக்கம் அவங்க வரவே கூடாது, கேட்டுதா?"

"அப்ப உங்க திருத்தத்த உடனே ஏத்திடலாமே?"

"அத ஏத்தவும் அட்மின் வேணும், பலகைலதான் ஏத்தணும். நாளைக்குக் காலைல ஆறு மணிக்குத் தானா ஏறும்."

பிறகு, "நான் அவசரப் படிவம் போடறேன் மேடம்" என்றார். நல்ல மனிதர். பலகையைத் தொடாமல் திருத்தத்தை ஏற்ற அது ஒன்றுதான் வழி, ஆனால் மூன்று கையெழுத்து வாங்குவதற்குள் மணி மூன்று ஆகிவிடும். நேற்று மதியமே நான் போட்டிருக்க வேண்டிய படிவம் அது.

பதிவு 7. நாள் 89, காலை 09:10

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது.

அம்மா பலகைக்கு வர மாட்டார். பதிவேட்டுக்கு வருவார். ஒரு மணிக்கு, தயிர்சாதத்தோடு. பதிவேட்டில் சுவர் கிடையாது, அந்தப் பாழாய்ப்போன மாத்திரைக்காரன் அங்கே இல்லை. ஆனால் காட்டுவது அதே பிளகின், நாளை காலை வரைக்கும் அதே ஓட்டை. பழைய எழுத்துரு என்று சொல்லிக்கொண்டு நான் ஒரு பதிவு எழுதினால், என் மூக்குக்குறியும் முடங்காது. அம்மா திறக்கும் நொடியில், அம்மாவின் அதிகாரத்தில், என் ஸ்கிரிப்ட் ஓடும்.

இது குற்றம். மேலதிகாரியின் பெயரில் அவருக்குத் தெரியாமல் கட்டளை கொடுப்பது. வேலை போகும், அதற்கு மேலும் போகும். ஜெபராஜிடம் சொன்னால் தடுப்பார், அவருக்கு விதி என்றால் உயிர். சொல்லவில்லை.

ஈஸ்வரிக்கு எழுதினேன். "ஒரு மணிக்கு முன்னால உடை மாட்டிட்டு ரெடியா இரு. கதவு திறக்கும். நான் வெளிய நிப்பேன்."

அவள்: "யாருக்கா தெறக்கப்போறா?"

நான்: "ஒம்பேருல இருக்க ஈதான்."

அவளுக்குப் புரியவில்லை. "சாப்புட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். சாகக் கிடப்பவள் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். அழுதேன். அழுதுகொண்டேதான் ஸ்கிரிப்டை எழுதினேன்.

பதிவு 8. நாள் 89, காலை 11:15. இயக்குநர் அம்மா அவர்களுக்கு

அம்மா, வணக்கம். நீங்கள் இதைத் திறந்த நொடியிலேயே கீழ்க்குழிக் கதவுக்குத் 'திற' என்ற கட்டளை உங்கள் பெயரில் போய்விட்டது. தங்குகூட்டில் இருக்கும் காற்று வெளியேற ஒன்றரை நிமிடம் ஆகும், பிறகு கதவு திறக்கும். ஈஸ்வரி உள்ளே உடை மாட்டிக்கொண்டு நிற்பாள். நான் வெளியே வண்டியோடு நிற்பேன்.

உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்கும் தூரத்தில் நீங்கள் இல்லை. என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் கட்டுப்படுகிறேன். ஜெபராஜுக்கு இதில் பங்கில்லை.

தயவுசெய்து பலகையைத் திறக்காதீர்கள். இந்தப் பதிவுக்குக் கீழே ஒரு வெற்று வரி தெரியும். அது வெற்று அல்ல.



பதிவு 9. நாள் 89, பிற்பகல் 14:25. கீழ்க்குழித் தங்குகூட்டிலிருந்து

திறந்தது! 13:06க்குக் கதவு விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளானது, காற்று வெளியேறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஒன்றரை நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. ஈஸ்வரி வாசலில் நின்றாள். உடை ரேடியோவில் அவள் சொன்ன முதல் வார்த்தை, "யக்கா, உள்ள வாங்க, வெயிலா இருக்கு." வாயைப் பாருங்கள். நான் சிரித்த சிரிப்பில் தலைக்கவசக் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. அம்மா, நீங்கள் நல்லா இருக்க வேண்டும்.

அவளுக்கு மாற்று முதுகுப்பொதி கொண்டுபோயிருந்தேன். மாட்டிப் பார்த்தால் பொருந்தவில்லை. அவள் உடை பழைய வகை, பொதி புது வகை. பழையதையும் புதியதையும் சேர்த்து யோசிக்கத் தெரியாத அதே மண்டைதானே எனக்கு. நிலையத்துக்குத் திரும்ப வண்டியில் ஐம்பது நிமிடம் ஆகும், அவளிடம் இருந்தது பத்து நிமிடக் காற்று. வேறு வழியில்லாமல் நானும் உள்ளே வந்து கதவை இழுத்துச் சாத்தினேன். 'சரி' இல்லாததால் அது மறுபடி பூட்டிக்கொண்டது. வண்டியிலிருந்து தூக்கிவந்த சிலிண்டரால் அறையை நிரப்பினோம்.

இப்போது ஈஸ்வரியின் பொதி சுவர்க்குழாயில் நிரம்பிக்கொண்டிருக்கிறது. மெதுவாகத்தான் ஏறும், நிரம்பி முடியும்வரை குழாய்ப் பூட்டு பொதியை விடாது, 17:10 ஆகும். அதுவரை அவளுக்கு உடை கிடையாது. அறைக் காற்று இருக்கிறது, போதும். அவள் கால் நீட்டி உட்கார்ந்து பிஸ்கட் தின்கிறாள்.

பதிவு 10. நாள் 89, பிற்பகல் 15:10

ஈஸ்வரி சும்மா ஒரு கேள்வி கேட்டாள். தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டாள்.

"யக்கா, அந்தம்மா நாலு மணிக்கும் படிப்பாங்கள்ல?"

படிப்பார்.

என் ஸ்கிரிப்ட் பதிவு எட்டில் இருக்கிறது. சேமிப்பில் இருக்கிறது. சேமித்தது ஒரு முறையோடு தீராது. திறக்கும்போதெல்லாம் ஓடும். பதிவேடு முழுவதும் ஒரே பக்கம். கடைசிப் பதிவைப் படிக்கத் திறந்தாலும் எட்டும் சேர்ந்துதான் திறக்கும். அம்மா நாலு மணிக்குக் காப்பியோடு திறந்தால் கதவும் திறக்கும், அறைக் காற்று ஒன்றரை நிமிடத்தில் வெளியே போகும். உடை இல்லாமல் இருப்பவள் ஈஸ்வரி.

ஒரே ஒரு முறை மட்டும் ஓடு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். மறந்தேன். கதவு திறக்க வேண்டும், திறக்க வேண்டும் என்று அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கிருந்து அதை அழிக்க எனக்கு அதிகாரமில்லை. குழியிலிருந்து எழுதும் செய்தி நிலையத் திரைக்குத்தான் போகும், அங்கே இப்போது ஆளில்லை, பூமிக்கு எட்டுவது இந்தப் பதிவேடு மட்டும். எதிர்க்கட்டளையாக இன்னொரு ஸ்கிரிப்ட் எழுதலாமென்றால், குழியில் இருப்பது புதுத் தமிழ் விசைப்பலகை. அதில் மூக்குக்குறியே கிடையாது. ஈ மட்டும் இருக்கிறது. நல்ல, ஒழுங்கான, யாருக்கும் கெடுதல் செய்யாத ஈ.

ஜெபராஜ், நீங்கள் பார்வையாளர். நீங்கள் திறந்தால் கட்டளை செல்லாது. உங்களுக்கு ஆபத்தில்லை, எங்களுக்கும் இல்லை. இதைப் படியுங்கள். படித்த உடனே அம்மாவுக்குப் போன் போடுங்கள். 17:10 வரை பதிவேட்டைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். 17:10க்குப் பிறகு திறக்கட்டும், கதவும் திறக்கும், நாங்கள் உடை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுவோம்.

சுருக்கமாகச் சொல்லிவிட்டேன் ஜெபராஜ். படியுங்கள்.

பதிவு 11. நாள் 89, பிற்பகல் 15:40

பதில் இல்லை. புதுப் பதிவு எழுதும்போதெல்லாம் அம்மாவின் டேப்லட்டில் ஒரு மணி ஒலிக்கும். ஜெபராஜை எழுப்ப நான் எழுதும் ஒவ்வொரு பதிவும் அம்மாவையும் கூப்பிடுகிறது. எழுதினாலும் தப்பு, எழுதாவிட்டாலும் தப்பு. ஆகவே இதுதான் கடைசி. இதன் பிறகு இதே பதிவின் அடியில் வரி மட்டும் சேர்ப்பேன், அதற்கு மணி அடிக்காது.

என் உடை புது வகை, அதில் மூன்று மணிநேரக் காற்று இருக்கிறது. கழற்றி ஈஸ்வரிக்கு மாட்டினேன்.

அவள் சம்மதிக்கவில்லை. கையை உதறினாள். "ஒங்களுக்கு என்னக்கா கிறுக்கா? நான் ஏன் மாட்டணும்? நீங்க என்னக் கூப்பிட வந்தவுக!"

"கதவத் தொறக்க எழுதுனது யாரு? நான். ஓட்டைய வச்சது யாரு? நான். நீ என்ன செஞ்ச? பேர்ல ஈ இல்லன்னு சொன்ன. அம்புட்டுதான?"

"நான் சொல்லாம இருந்திருந்தா..."

"சொல்லாம ஏன் இருக்கணும்? ஒம்பேரு ஒனக்கு முழுசா வேணும்லா. கைய நீட்டு."

அழுதுகொண்டே நீட்டினாள். கால் பக்கம் நீளம் அதிகம், மடித்து நாடாவால் கட்டினேன். தலைக்கவசத்தைப் பூட்டினேன். இப்போது எனக்கு அவள் குரல் கேட்காது, உதடு அசைவது மட்டும் தெரிகிறது. என்னைத் திட்டுகிறாள் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பிறகு இந்த பிளகினைத் தொடப்போகிறவருக்குச் சொல்கிறேன். வெளியிலிருந்து வரும் எதையும் நம்பாதே, எழுதியவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி. உள்ளே எடுக்கும்போது சுத்தம் செய். காட்டும்போது பொதிந்து காட்டு. விலக்குக் கேட்டு யாராவது வந்து நின்றால், அவர்கள் முகத்தைப் பார்த்து முடிவெடுக்காதே. அவர்களுக்கு என்ன வேண்டுமென்று கேள். ஈஸ்வரிக்கு வேண்டியது ஈ, மூக்குக்குறி இல்லை. அதைக் கொடுக்க நல்ல வழி இருந்தது. எனக்கு அன்று சாப்பாட்டு நேரம், அதனால் குறுக்கு வழியில் போனேன்.

மாரிச்செல்வத்திடம் அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லுங்கள். நாளைக் காலை ஆறு மணிக்குமேல் அவர் எப்படி அடித்தாலும் அவள் பெயர் முழுசாக வரும். சோதித்துப் பார்த்துவிட்டேன்.

15:52. கதவு விளக்கு பச்சை.

15:57. பச்சை. ஈஸ்வரி கண்ணாடி வழியாக என் வாயைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். எழுதாமல் பேசு என்கிறாளோ என்னவோ.

16:00. பச்சை.

16:01. பச்சை.

16:03. பச்சை. ஜெபராஜ், படித்துவிட்டீர்களா? படித்துவிட்டீர்கள். எனக்குத் தெரியும். உங்களை என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

16:06. பச்சை. பொதி முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. இன்னும் ஒரு மணிநேரம்.

16:09. மஞ்சள்.

அம்மா, நீங்கள் படிக்கிறீர்கள். காப்பி ஆறிவிடப்போகிறது. இது உங்கள் தப்பில்லை, இந்த வரிக்கு வருமுன்பே எட்டைத் தாண்டித்தானே வந்திருப்பீர்கள். ஈஸ்வரியின் கவசப் பூட்டு சரியாக விழுந்திருக்கிறது. இரண்டு முறை பார்த்தேன். இப்போது மூன்றாவது முறை பார்க்கப் போ